உடைந்த தகடு கற்பித்த பாடம்

கோவில்பட்டி நூற்பாலைகளில் இயந்திரத்தின் ஓர் உறுப்பு தேய்ந்தால் என்ன செய்வார்கள்? இயந்திரத்தை நிறுத்தி, புதிய உறுப்பை மாட்டி, மீண்டும் ஓட விடுவார்கள். உடலுக்குள் பொருத்திய கருவிக்கு இந்த வசதி இல்லை. மூளை இரத்தக் குழாயின் புடைப்பை நெரிக்கும் கவ்வியாயினும், இருதயத்தின் செயற்கை வால்வாயினும், பழுதுற்றால் உயிருக்கே ஆபத்து.

சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் இருதய வால்வுகளைக் கெடுத்துவிடும். ஏழைக் குழந்தைகளையே இது மிகுதியாகத் தாக்குகிறது. 1970களில் செயற்கை வால்வுகள் வெளிநாட்டிலிருந்தே வந்தன. விலையோ ஏழைகளுக்கு எட்டாதது. ஆகவே, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தான் தலைமையிலான குழு, நம் நாட்டிலேயே வால்வு செய்ய முற்பட்டது.

வேலை எளிதன்று. நிமிடத்திற்கு 72 துடிப்பு என்றால், வால்வு ஓராண்டில் ஏறத்தாழ 3 கோடியே 78 லட்சம் முறை திறந்து மூட வேண்டும். கம்பியை ஓரிடத்திலேயே மடக்கி நிமிர்த்தினால் அது ஒடிவதை நீங்கள் அறிவீர்கள். அதுபோல், முதலில் செய்த வால்வுகளில் ஒன்றின் தாங்கு கம்பி, பற்றவைத்த இடத்தில் நொறுங்கும் தன்மை அடைந்து முறிந்தது. மற்றொன்றில் செயற்கை நீலக்கல் தகடு அமைத்தனர். தேயாத கல்தான், ஆனால் கடினமான பொருள் எல்லாம் உறுதியான பொருள் ஆகிவிடாது. செம்மறியாட்டின் இருதயத்தில் அத்தகடு உடைந்து போயிற்று.

இதே காலத்தில் மேலைநாடுகளில் நடந்தது என்ன? 1979இல் விற்பனைக்கு வந்த பியார்க்-ஷைலி வால்வின் ஒரு வகை, சுமார் 86,000 பேருக்குப் பொருத்தப்பட்டது. அதிலும் பற்றவைத்த கம்பிகள் முறிந்தன. அங்கே மாண்டவர்கள் மனிதர்கள். 1986இல் அது விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது.

திருவனந்தபுரத்தார் பாடம் கற்றனர். பற்றவைப்பே இல்லாமல், கோபால்ட் கலப்பு உலோகத்தின் ஒரே துண்டிலிருந்து சட்டத்தைக் கடைந்தெடுத்தனர். கல்லுக்குப் பதிலாக, அதிர்ச்சியைத் தாங்கும் பாலிஎத்திலீன் தகட்டைப் பொருத்தினர். 1990 டிசம்பர் 6இல் முதல் நோயாளிக்கு இவ்வால்வு வைக்கப்பட்டது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் பயன்பட்டுள்ளன.

சோதனைச்சாலையில் உடைந்த தகட்டை மறைக்காமல் ஆராய்ந்ததே இவ்வெற்றிக்குக் காரணம். வால்வே தேவைப்படாமல் காப்பது அதனினும் மேல். குழந்தைக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தால் அசட்டை செய்யாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.