புது எஞ்சின் வயலுக்கு வருமா?

"புது மாதிரி எஞ்சின் வருதாம், எண்ணெய் பாதிதான் ஆகுமாம்" என்று அடிக்கடி பேச்சு வருகிறது. "அதெல்லாம் கடைக்கு வரவா போகுது?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். இந்தச் சந்தேகம் நியாயந்தானா? இரண்டு எஞ்சின்களின் வரலாற்றைப் பார்ப்போம்.

முதலாவது, நமக்குப் பழகிய டீசல் எஞ்சின். ருடால்ஃப் டீசல் 1893-இல் ஜெர்மனியில் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் சோதித்தபோது, அழுத்தம் தாங்காமல் எஞ்சினில் பொருத்திய அளவுகருவி வெடித்துச் சிதறியது. 1894-இல் எஞ்சின் தானாக ஓடியது. அதுவும் ஒரு நிமிஷம்தான். 1897-இல்தான் சோதனையில் தேறியது. எரிபொருளின் சக்தியில் நூற்றுக்கு 26 பங்கு வேலையாக மாறியது. அக்காலத்து நீராவி எஞ்சின்கள் பலவும் இதில் பாதியைக்கூட எட்டவில்லை.

அப்படியும் வயலுக்கு வந்துவிட்டதா? இல்லை. முதலில் விற்ற எஞ்சின்களில் சில பழுதாகித் திரும்பி வந்தன. சிலிண்டருக்குள் எண்ணெயைப் பீய்ச்சத் தனியாக ஒரு கம்ப்ரசர் வேண்டியிருந்தது. அதனால் எஞ்சின் பெருத்துக் கிடந்தது. ஆலைக்கும் கப்பலுக்கும் ஆகும், உழவுக்கு ஆகுமா? 1920-களில் எண்ணெயை நேரே பீய்ச்சும் பம்ப் தேறியது. 1927-இல் பாஷ் நிறுவனம் அதைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. சிறிய டீசல் எஞ்சின் பரவியது அதன் பிறகுதான். அதைப் பார்க்க டீசல் இல்லை, 1913-லேயே இறந்துபோனார்.

இரண்டாவது, ஃபெலிக்ஸ் வாங்கெல் என்ற ஜெர்மானியரின் ரோட்டரி எஞ்சின். 1957-இல் முதலில் ஓடியது. மேலும் கீழும் போகும் பிஸ்டன் இதில் கிடையாது. முக்கோண உருளை ஒன்று சுழலும். அதிர்வு குறைவு, எடையும் குறைவு. உலகமே வியந்தது. ஆனால் முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் உள்ள சீல் சீக்கிரம் தேய்ந்தது. எண்ணெயும் அதிகம் குடித்தது. 1967-இல் இந்த எஞ்சினோடு காரை விற்ற என்.எஸ்.யூ. நிறுவனம், பல எஞ்சின்களைத் தன் செலவிலேயே மாற்றிக்கொடுக்க வேண்டியதாயிற்று. ஜெனரல் மோட்டார்ஸ் 1970-இல் 5 கோடி டாலருக்கு உரிமம் பேசியது. ஒரு காரும் விற்பனைக்கு வரவில்லை. ஜப்பானின் மாஸ்டா மட்டும் விடாமல் பாடுபட்டு லட்சக்கணக்கில் விற்றது. டிராக்டர் செய்யும் ஜான் டீர் நிறுவனம் 1984-இல் இந்த எஞ்சின் தொழிலை விலைக்கு வாங்கி, 1991-இல் கைகழுவியது.

இதிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது? பட்டறையில் ஓடுவது வேறு, புழுதியிலும் வெயிலிலும் வருஷக்கணக்கில் உழைப்பது வேறு. அதனால் சந்தேகப்படுங்கள், ஆனால் விசாரிக்காமல் ஒதுக்கிவிடாதீர்கள். வயலில் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது? மணிக்கு எவ்வளவு எண்ணெய் ஆகிறது? உதிரி பாகம் பக்கத்து டவுனில் கிடைக்குமா? உள்ளூர் மெக்கானிக்குக் கை வருமா? நாலுக்கும் பதில் வந்தால் வாங்கலாம். வராவிட்டால், கடன் வாங்கிப் பணத்தைப் போடாமல், வேறு வயலில் ஒரு போகம் ஓடுவதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.