சத்தமில்லாத ஊர் யாருக்கு அமைதி?

திருப்பூருக்குக் கள ஆய்வுக்கு வரும் மாணவர்கள் இரண்டாம் நாளே காதைப் பொத்திக்கொள்கிறார்கள். "அவிநாசி எவ்வளவு அமைதியா இருக்கு!" என்கிறார்கள். இரண்டு ஊர்களுக்கும் இடையே 15 கிலோமீட்டர்கூட இல்லை. அங்கே பாடல் பெற்ற சிவன் கோயில், பெரிய தேர். இங்கே பனியன் கம்பெனி, சாயப்பட்டறை, ஷிப்ட் விடும் நேரத்து நெரிசல்.

அந்த அமைதிக்கும் ஒரு வரலாறு உண்டு, தோழர்களே. கொங்கு நாட்டில் தோட்டம் கவுண்டர்களிடம் இருந்தது. அதில் கவலை ஓட்டியும் பண்ணையத்தில் இருந்தும் உழைத்தவர்கள் அருந்ததியர்கள். ஊர் ஒரு பக்கம், வளவு ஒரு பக்கம். வளவிலிருந்து யாரும் குரல் உயர்த்தாதவரை ஊர் அமைதியாகத்தான் இருக்கும். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமப் புகழ்ச்சியைக் கடுமையாக மறுத்துப் பேசியது இதை அறிந்துதான்.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2018 ஜூலையில், அவிநாசியை அடுத்த திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளிக்குச் சத்துணவு சமைக்க அருந்ததியர் பெண் ஒருவர் வந்தார். அவர் சமைத்தால் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்றார்கள் ஆதிக்கச் சாதியினர். அதிகாரிகள் மாற்றியது அவர்களையல்ல, அந்தப் பெண்ணை! நம் அமைப்புகள் தெருவில் இறங்கிக் கத்திய பிறகுதான் இடமாற்றம் ரத்தானது. வன்கொடுமை தடுப்புச் சட்டத்தில் 80-க்கும் மேற்பட்டோர் மீது வழக்குப் பதிவானது.

சரி, இரைச்சல் விடுதலையா? பாதிதான். திருப்பூர் டீக்கடையில் எந்தத் தெரு என்று கேட்காமல் கிளாஸை நீட்டுவார்கள். வளவில் பிறந்த பெண் காலையில் கம்பெனி வேன் ஏறி, சனிக்கிழமை தன் கையால் சம்பளம் வாங்குகிறாள். இது சின்ன விஷயமல்ல. 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. ஆனால் அதற்குப் பின் உற்பத்தி சிறு யூனிட்டுகளாகச் சிதறியது. தொழிலாளியாக இருந்து முதலாளியானவர்களில் கவுண்டர்களே மிகுதி என்பதை ஷரத் சாரியின் ஆய்வு விரிவாகக் காட்டியது. நிலம், உறவு, கடன் கொடுக்க ஆள் எல்லாம் அவர்களுக்கு இருந்தன. கைமடியும் செக்கிங்கும் பார்த்தவருக்கு அது எங்கே? வாடகைக்கு வீடு கேட்கும்போதும் சாதி மெல்ல எட்டிப் பார்க்கும்.

கூட்டம் காப்பாற்றும் என்று நம்புவதும் ஆபத்து. 2016 மார்ச் 13 அன்று சங்கர் வெட்டப்பட்டது ஆளரவமற்ற காட்டில் அல்ல. பட்டப்பகலில், உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, அத்தனை பேர் கண் முன்னால்.

இன்னொரு வகை இரைச்சலும் இங்கே உண்டு: விசைத்தறி. கார்ஸ்வெல், டி நெவ் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த வட்டாரத்தின் இரண்டு கிராமங்களை ஒப்பிட்டார்கள். ஒன்றில் தலித்துகள் பஸ் ஏறி பனியன் கம்பெனிக்குப் போகிறார்கள், பண்ணைப்பிடி தளர்ந்திருக்கிறது. மற்றதில் தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அவர்களைக் கட்டிப்போட்டிருக்கிறது. அந்த ஊரிலிருந்தும் திருப்பூர் எட்டும் தூரம்தான். கடன் தீராமல் தறியை விட்டுக் கிளம்ப முடியாது.