பண்டித ரமாபாயின் இரண்டு பசிகள்

  

தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் 'பசிதாகம்' என்று ஒரு சொல் புழங்குகிறது. பசியையும் தாகத்தையும் ஒட்டி ஒரே சொல்லாக்கி, கடவுளைத் தேடும் ஏக்கத்துக்குச் சொல்கிறோம். மலைப்பிரசங்கத்திலிருந்து வந்த வழக்கு. பிரசங்கத்திலும் ஜெபத்திலும் கேட்டுக் கேட்டு அதன் கூர்மை மழுங்கிவிட்டது. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போய் ஆண்டவர்மேல் பசிதாகம் வேண்டும் என்று ஜெபிப்பது சுலபம். நிஜமாகவே பட்டினி கிடந்த ஒருவர் இந்தச் சொல்லை எப்படிப் புரிந்துகொண்டிருப்பார் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருகிறவர் பண்டித ரமாபாய்.

நான் சமூக அறிவியல் நடத்திய காலத்தில் அவர் ஒரு மதிப்பெண் கேள்வி. சாரதா சதனை நிறுவியவர் யார்? அவ்வளவுதான். என் பழைய மாணவர்கள் சிலருக்கு விடை இன்னும் ஞாபகம் இருக்கலாம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் மனுஷியைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

1858-இல் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில், கங்காமூலா என்ற இடத்தில் பிறந்தவர். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே பெரிய சமஸ்கிருதப் பண்டிதர். பெண்களுக்கு சமஸ்கிருதம் சொல்லித் தரக்கூடாது என்றிருந்த காலத்தில் தன் மனைவி லட்சுமிபாய்க்குக் கற்றுக்கொடுத்து, அதனால் வந்த வம்பையும் தாங்கிக்கொண்டவர். ரமாபாய்க்குப் பாடம் சொன்னது அந்த அம்மாதான். பின்னாளில் தன் புகழ்பெற்ற ஆங்கிலப் புத்தகத்தை மகள் அந்த அம்மாவின் நினைவுக்கே காணிக்கையாக்கினார்.

குடும்பத்துக்கு நிலையான வீடு கிடையாது. ஊர் ஊராகப் போய், கோயில் மண்டபத்திலும் ஆற்றங்கரையிலும் புராணம் வாசிப்பார்கள். கேட்கிறவர்கள் கொடுக்கும் காசும் தானியமும்தான் வருமானம். மிஞ்சியதையும் தானமாகக் கொடுத்துவிடுவார் சாஸ்திரி. விரதம், தீர்த்தம், ஜபம், தானம் என்று சாஸ்திரம் சொன்ன எதையும் அந்த வீட்டில் விடவில்லை.

1870-களில் மதராஸ் மாகாணத்தில் பஞ்சம் பரவியது. நம் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்ன கொடுமையை ஒட்டிய காலம் அது. கையில் இருந்த நகை, பாத்திரம், துணி எல்லாம் விற்றுத் தின்று தீர்ந்தது. பிச்சை எடுக்க மானம் இடம் கொடுக்கவில்லை. உடலுழைப்பு வேலை எதையும் கற்றிருக்கவில்லை. கடைசி அரிசியும் தீர்ந்தபோது திருப்பதி மலைப் பக்கம் காட்டுக்குள் போனார்கள், சாவதற்கு. 11 நாள் இலையும் தண்ணீரும் ஒரு பிடி காட்டு ஈச்சம்பழமும்தான் ஆகாரம். வயதான சாஸ்திரி புனிதக் குளத்தில் இறங்கி உயிரை விட்டுவிடுவது என்று முடிவெடுத்து ஒவ்வொருவரிடமும் விடைபெற்றார். கடைக்குட்டி ரமாபாயை அணைத்துக்கொண்டு, உன்னைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டேன், நீ அவருக்கே சொந்தம், ஆயுள் முழுக்க அவருக்கே ஊழியம் செய் என்ற கருத்தில் சொன்னாராம். மகன் தடுத்து, நான் கூலி வேலை செய்தாவது காப்பாற்றுகிறேன் என்றதும் காட்டைவிட்டு வெளியே வந்தார்கள். ஆனால் காலம் கடந்துவிட்டது. தந்தை போனார். சில வாரங்களில் தாயும் போனார்.

தாய் சாகக் கிடந்தபோது நடந்தது ஒன்று. பசியில் அந்த அம்மா புலம்புவதைத் தாங்க முடியாமல் பக்கத்து வீட்டில் ஒரு ரொட்டி கேட்கப் போகிறாள் மகள். வாசலில் நின்றவளுக்கு வாய் வரவில்லை, கண்ணீர்தான் வருகிறது. அந்த வீட்டுக்காரம்மா புரிந்துகொண்டு கம்பு ரொட்டி கொடுத்தார். கொண்டுவந்து கொடுத்தால் அந்த முரட்டு ரொட்டியைத் தின்னும் சக்தி தாய்க்கு இல்லை. உடலைச் சுமக்க ஆள் கிடைக்காமல் மகனும் மகளும் வேறு இரண்டு பேருமாகத் தூக்கிப் போனார்கள். ரமாபாய் குள்ளம் என்பதால் பாடையைத் தோளில் வைக்க முடியவில்லை. தலையில் சுமந்து நடந்தார்.

மூத்த சகோதரியும் இறந்த பின், அண்ணன் சீனிவாசனும் ரமாபாயும் தென்கோடியிலிருந்து காஷ்மீர் வரை நடந்தார்கள். ஜீலம் நதிக்கரைக் குளிரில் போர்த்திக்கொள்ளத் துணியில்லாமல், மணலில் குழி தோண்டிப் படுத்து, தலை மட்டும் வெளியே தெரிய மணலால் மூடிக்கொண்டு தூங்கினார்களாம். இவ்வளவுக்கும் பிறகும் விரதங்களை விடவில்லை. ஆனால் மனதுக்குள் ஒரு கேள்வி வேர்விடத் தொடங்கியிருந்தது. இத்தனை வாசலைத் தட்டியும் உள்ளேயிருந்து ஏன் சத்தமே இல்லை?

1878-இல் கல்கத்தா. இருபது வயதுப் பெண்ணின் சமஸ்கிருதத்தைக் கேட்டு அங்கிருந்த பண்டிதர்கள் அசந்துபோய் 'பண்டிதா', 'சரஸ்வதி' என்ற பட்டங்களைக் கொடுத்தார்கள். அங்கேதான் முதல்முறையாக ஒரு கிறிஸ்தவக் கூட்டத்துக்குப் போனார்கள். எல்லோரும் நாற்காலிக்கு எதிரே முழங்கால் போட்டு ஜெபித்ததைப் பார்த்து, இவர்கள் நாற்காலியைக் கும்பிடுகிறவர்கள் போலிருக்கிறது என்று நினைத்தார்களாம்! கையில் கொடுத்த சமஸ்கிருத வேதாகமமும் புரியவில்லை. மொழி தெரியாமல் அல்ல, அந்த நடை அந்நியமாக இருந்தது. இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வருகிறது.

கேசவ சந்திர சென் தூண்டுதலால் அதுவரை பெண்ணுக்கு விலக்காக நினைத்திருந்த வேதத்தையும் படித்தார். தர்ம சாஸ்திரங்களையும் ஆழமாகப் படித்தார். அவற்றில் பெண்ணுக்கும் தாழ்த்தி வைக்கப்பட்டவர்களுக்கும் என்ன இடம் என்று பார்த்தபோது மனம் உடைந்தது. (இதைப் படித்துவிட்டு யாரும் சண்டைக்கு வரவேண்டாம். அவர் சொன்னதைச் சொல்கிறேன். அவர் பிறகு திருச்சபையையும் விடவில்லை, அதையும் சொல்லத்தான் போகிறேன்.) 1880-இல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டு சாதி கடந்து பிபின் பிகாரி மேதாவி என்ற வங்காள வழக்கறிஞரைப் பதிவுத் திருமணம் செய்தார். அசாமில் சில்சாரில் குடித்தனம். 19 மாதத்தில் கணவர் காலராவில் போய்விட்டார். கையில் மனோரமா என்ற பெண் குழந்தை. கணவரின் புத்தக அலமாரியில் கிடைத்த வங்காள மொழி லூக்கா சுவிசேஷம் மனதில் ஒட்டிக்கொண்டது.

1883-இல் மருத்துவம் படிக்கும் எண்ணத்தோடு இங்கிலாந்து போனார். வான்டேஜ் என்ற ஊரில் ஆங்கிலிக்கன் கன்னியர் மடத்தில் தங்கினார். லண்டனில் ஃபுல்ஹாம் பகுதியில் அவர்கள் நடத்திய இல்லத்துக்கு அழைத்துப் போனார்கள். ஊர் ஒதுக்கிய பெண்களை அங்கே மனுஷிகளாக நடத்துவதைப் பார்த்துவிட்டு, இதை ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டார். பதிலாக ஒரு கன்னியர் யோவான் நான்காம் அதிகாரத்தை வாசித்தார். சமாரியப் பெண். உச்சி வெயிலில் குடத்தோடு கிணற்றுக்கு வந்தவள். ஐந்து புருஷர் இருந்தவள். அவளிடம் ஒரு யூத ஆண் தண்ணீர் கேட்கிறான், பிறகு தாகமே எடுக்காத தண்ணீரைப் பற்றிப் பேசுகிறான். கடவுளைத் தொழுவதற்கு இந்த மலையும் வேண்டாம், எருசலேமும் வேண்டாம் என்கிறான். இந்தியாவின் தீர்த்தங்கள் பலவற்றில் மூழ்கி எழுந்த பெண்ணுக்கு இதைப் படித்துக் காட்டினால் எப்படி இருந்திருக்கும்! அந்த ஆண்டு செப்டம்பர் 29-இல் மகளோடு ஞானஸ்நானம் பெற்றார்.

நம் சபைகளில் சொல்லப்படும் சாட்சிகள் பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும். தாகம் தீர்ந்தது, அல்லேலூயா. ரமாபாயின் கதை இங்கே முடியவில்லை என்பதுதான் அவரை எனக்கு நெருக்கமாக்குகிறது.

ஞானஸ்நானம் எடுத்தவர் எதற்கும் தலையாட்டவில்லை. திரித்துவத்தைப் பற்றிக் கேள்வி கேட்டார். மரக்கறி உணவை விடவில்லை. சிலுவையில் லத்தீன் எழுத்து எதற்கு, எங்கள் சமஸ்கிருதத்தைவிட அது எதில் உயர்ந்தது என்று கேட்டார். செல்டன்ஹாம் பெண்கள் கல்லூரியில் இருந்தபோது ஆண்களுக்குப் பாடம் நடத்தக்கூடாது என்று பிஷப்மார் தடை சொன்னார்கள். கொதித்துப்போனார். அவரைக் கவனித்துக்கொண்ட ஜெரால்டின் கன்னியருக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் புத்தகமாக வந்திருக்கின்றன. ஒரு பக்கம் தாய்மகள் பாசம், மறுபக்கம் விட்டுக்கொடுக்காத வாதம். என் மனசாட்சியை யார் கையிலும் கொடுக்க மாட்டேன் என்பதுதான் மொத்தக் கடிதங்களின் சாரம்.

அமெரிக்கா போய் நிதி திரட்டி, 1889-இல் பம்பாயில் விதவைகளுக்காக சாரதா சதனைத் திறந்தார். மறு ஆண்டு அது புனேவுக்கு மாறியது. அங்கே படித்த கோதுபாயைத்தான் பின்னாளில் டி. கே. கார்வே மணந்தார். ஊரும் உலகமும் மெச்சிய நேரம். அந்த நேரத்தில்தான், 1891 வாக்கில், தனக்கு என்னவோ குறைகிறது என்று அவர் உணர்ந்தார். வில்லியம் ஹாஸ்லம் என்ற ஆங்கிலேயப் பாதிரியாரின் வாழ்க்கை வரலாறு கையில் கிடைத்தது. பல வருஷம் குருவாக இருந்தவர், ஒருநாள் தன் பிரசங்கத்தின் நடுவிலேயே தானே மனம் திரும்பினார்! அதைப் படித்த ரமாபாய் தன்னையே கேட்டுக்கொண்டார். தன் சாட்சிப் புத்தகத்தில் அதற்கு அவர் சொல்லும் பதிலின் கருத்து இது: ஞானஸ்நானம் பெற்று எட்டு வருஷம் ஆன பிறகுதான் தெரிந்தது, எனக்குக் கிடைத்தது கிறிஸ்தவ மதம், கிறிஸ்து அல்ல.

ஒரு மதத்தைவிட்டு இன்னொன்றுக்கு வந்து, அதற்காக ஊரின் ஏச்சுப்பேச்சை எல்லாம் வாங்கிக்கொண்ட பிறகு, இதைப் பகிரங்கமாகச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! விமர்சகர்களுக்கு அது அல்வா. மிஷனரிகளுக்குச் சங்கடம். அவர் இரண்டையும் பொருட்படுத்தவில்லை.

அதற்குப் பிறகு அவர் பேச்சில் கிறிஸ்து அதிகமானார். பலன், 1893-இல் புனேயில் புயல். திலகரின் கேசரி தாக்கியது. ரானடே, பண்டார்கர் போன்றவர்கள் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார்கள். பல பெற்றோர் பிள்ளைகளை அழைத்துப் போய்விட்டார்கள்.

1896-இல் லோனாவ்லாவில் ஒரு முகாம் கூட்டம். அப்போது அவரிடம் விசுவாசத்துக்கு வந்திருந்த பெண்கள் 15 பேர். அந்த எண்ணிக்கையை அதே எண்ணால் பெருக்கி, அடுத்த கூட்டத்துக்குள் 225 ஆக்கித் தரும்படி ஜெபித்தார். கணக்கு வாத்தியார்கள் ரசிக்கக்கூடிய ஜெபம்! அந்த ஆண்டே மத்திய மாகாணங்களில் பஞ்சம். செய்தி வந்ததும் திருப்பதிக் காடு ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். நேரில் போனார். அடுத்த சில மாதங்களில் ஏறக்குறைய 300 பெண்களை அழைத்து வந்தார். புனேயில் பிளேக் கெடுபிடி. 34 மைல் தள்ளி கேட்காவில் வாங்கியிருந்த 100 ஏக்கர் நிலத்தில் குடியேற்றினார். அதுதான் முக்தி. 1900-இல் குஜராத் பஞ்சத்துக்குப் பிறகு அங்கே இருந்தவர்கள் 2000 பேரை நெருங்கினார்கள்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். கஞ்சி ஊற்றி மதம் மாற்றியதுதானே இது? வரலாறு படித்தவன் இதைத் தாண்டிப் போக முடியாது. போக்கிடமில்லாத சிறுமிகள், ஒரே வளாகம், ஒரே வழிபாடு. அவர்களுக்கு எவ்வளவு சுதந்திரம் இருந்தது என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் தேதிகளையும் பார்க்க வேண்டும். அவர்கள் வயிற்றுப் பசியோடு வந்தது 1897-இலும் 1900-இலும். முக்தியில் பெரிய எழுப்புதல் வந்தது 1905 ஜூன் கடைசியில். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் 70 பேரோடு தொடங்கிய ஜெபக் கூட்டம், வேல்ஸ் நாட்டிலும் காசி மலையிலும் நடந்தவற்றைக் கேட்டுக் கேட்டு, ஜூனில் 550 பேராகியிருந்தது. ஒரு விடியற்காலையில் ஒரு பெண், தன்மேல் தீ இறங்கியதுபோல் உணர்ந்து எழுந்தாள். மேற்பார்வையாளர் நிஜமாகவே தீப்பிடித்துவிட்டதென்று வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். அழுகை, பாவ அறிக்கை, இரவு பகலாக ஜெபம். அந்த உணர்ச்சி வேகம் எல்லாவற்றையும் நான் அப்படியே ஏற்கிறேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூழுக்காக அழுதவர்கள் அல்ல அவர்கள். கூழ் கிடைத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. தறி, தையல், தோட்டம், அச்சு வேலை என்று சொந்தக் கையால் பிழைக்கக் கற்றிருந்தார்கள். வயிறு நிறைந்த பிறகு வந்த பசி அது, கல்கத்தாவும் இங்கிலாந்தும் அமெரிக்காவும் பாராட்டிய பிறகு அவர்களுடைய ரமாபாய்க்கு வந்ததைப் போல.

கடைசிப் பதினைந்து வருஷத்துக்கு மேல் அவர் செய்த வேலை வேதாகம மொழிபெயர்ப்பு. அப்போதிருந்த மராத்தி வேதாகமத்தில் சமஸ்கிருதம் மிகுதி, கிராமத்துப் பெண்ணுக்கு எட்டாது என்பது அவர் எண்ணம். கல்கத்தாவில் கையில் வாங்கிய வேதாகமம் தனக்கே அந்நியமாக இருந்ததை மறந்திருப்பாரா? ஐம்பதை ஒட்டிய வயதில், காது மந்தமாகிவிட்ட நிலையில், எபிரேயமும் கிரேக்கமும் கற்றுக்கொண்டு உட்கார்ந்தார். 1921-இல் மகள் மனோரமா இறந்தார். வேலையை நிறுத்தவில்லை. மொழிபெயர்ப்பை முடித்துவிட்டு 1922 ஏப்ரல் 5-இல் கண்ணை மூடினார். முழு வேதாகமமும் 1924-இல் முக்தி அச்சகத்திலிருந்தே வெளிவந்தது. ஒரு காலத்தில் எழுத்து தெரியாமல், எலும்பும் தோலுமாக அங்கே வந்து சேர்ந்தவர்களுக்குத்தான் அந்த அச்சகத்தில் எழுத்துக் கோக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்.