மார்ச்சில் தெரிந்தது டிசம்பரில் எங்கே போனது?

போன கிழமை தரம் 11 வகுப்பில் பனிப்போர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பின் வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்: "சேர், அவ்வளவு பெரிய ரஷ்யாவுக்கு ஆப்கானிஸ்தான் எப்படிப்பட்ட இடம் என்று முதலே தெரியாதா?"

தெரியும் என்றேன். நல்லாவே தெரியும். அதற்குள் மணி அடித்துவிட்டது. மீதிப் பதிலை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்மில் பலர் இந்தக் கதையைச் சின்ன வயதில் பயான்களில்தான் கேட்டோம். ஒரு வல்லரசு வந்தது, மலை மக்கள் ஈமானோடு நின்றார்கள், அது தோற்று ஓடியது. அந்த மக்களின் உறுதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சோவியத் யூனியன் உடைந்த பிறகு மொஸ்கோவின் கூட்டக் குறிப்புகள் வெளியே வந்தன. அவற்றில் இருப்பது வேறு ஒரு கதை.

1979 மார்ச். ஆப்கானிஸ்தானில் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியைப் பிடித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. காணிச் சீர்திருத்தம், எழுத்தறிவுத் திட்டம் எல்லாவற்றையும் துப்பாக்கி முனையில் அவசர அவசரமாகச் செய்தார்கள். ஹெராத் நகரம் கிளர்ந்தெழுந்தது. அங்கிருந்த அரச படைப்பிரிவே கிளர்ச்சியாளர்களோடு சேர்ந்துகொண்டது. ஜனாதிபதி தராகி மொஸ்கோவிடம் படை கேட்டார்.

சோவியத் பிரதமர் கொசிஜின் தராகியோடு தொலைபேசியில் பேசினார். அந்த உரையாடலின் பதிவு இருக்கிறது. மக்கள் உங்கள் பக்கம் இருக்கிறார்களா என்று கொசிஜின் கேட்கிறார். தீவிரமான ஆதரவு இல்லை என்று தராகியே ஒத்துக்கொள்கிறார். பிறகு, உஸ்பெக், தஜிக் இனத்துச் சோவியத் வீரர்களுக்கு ஆப்கான் சீருடை போட்டு அனுப்புங்கள், யாருக்கும் தெரியாது என்கிறார். கொசிஜின் மசியவில்லை. இதை மறைக்க முடியாது, இரண்டு மணித்தியாலத்தில் உலகமே அறிந்துவிடும் என்கிறார்.

பொலிட்பியூரோ மார்ச் 17 தொடக்கம் மூன்று நாள் கூடியது. நாம் போனால் சண்டை பிடிப்பது ஆப்கான் மக்களோடுதான் என்று வெளிநாட்டமைச்சர் குரோமிகோ சொன்னார். நம் துப்பாக்கி முனையில்தான் அந்தப் புரட்சியைக் காப்பாற்ற முடியும், அந்த ஆபத்தை நாம் எடுக்கக்கூடாது என்பது கேஜிபி தலைவர் அந்திரோபொவின் கருத்து. தராகியை மொஸ்கோவுக்குக் கூப்பிட்டு, நம் படை வந்தால் உங்கள் நிலைமை இன்னும் மோசமாகும் என்று கொசிஜின் நேருக்கு நேர் சொன்னார். வியட்நாமையும் நினைவூட்டினார்.

பத்து வருஷத்துப் பாடம் முழுவதும் அந்த மார்ச் மாதக் குறிப்புகளில் ஏற்கெனவே இருக்கிறது! முதல் தடவை வாசித்தபோது திகதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அப்படியானால் டிசம்பரில் ஏன் போனார்கள்?

அதற்கான விதையும் மார்ச் 17 கூட்டத்திலேயே இருக்கிறது. என்ன நடந்தாலும் ஆப்கானிஸ்தானை நாம் இழக்கக்கூடாது என்று அன்று சொன்னவரும் அதே குரோமிகோதான். அந்த ஒரு வசனத்தை மூன்று நாளும் எவரும் கேள்வி கேட்கவில்லை. படை அனுப்புவதா இல்லையா என்றுதான் யோசித்தார்களே தவிர, அந்த நாடு ஏன் நம் கையில் இருக்க வேண்டும் என்று யோசிக்கவில்லை. ஆயுதம், ஆலோசகர், கோதுமை என்று அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அவை போதாமல் போனதும் மிஞ்சியது படை மட்டும்தான்.

மற்றவை அதற்குமேல் வந்து சேர்ந்தவை. செப்டெம்பரில் மொஸ்கோவில் பிரெஷ்னேவைச் சந்தித்துவிட்டுப் போன தராகியை, ஒக்டோபரில் அவருடைய சகாவான அமீனின் ஆட்கள் கொன்றார்கள். பிரெஷ்னேவுக்கு அது சொந்த அவமானமாகப் பட்டது. அமீன் அமெரிக்காவில் படித்தவர், அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார் என்று கேஜிபி சந்தேகித்தது.

டிசம்பர் 12இல் முடிவு எடுக்கப்பட்டது. கையால் எழுதிய சின்னத் தாள் ஒன்று. 'அ'வின் நிலைமை தொடர்பாக என்று தலைப்பு. நாட்டின் பெயரைக்கூட எழுதவில்லை. கொசிஜின் அந்தக் கூட்டத்தில் இல்லை. படைத் தலைமை அதிகாரி ஒகார்கொவ் எதிர்த்தார், பாதுகாப்பமைச்சர் உஸ்தினொவ் அவர் வாயை அடைத்தார். டிசம்பர் 27இல் அமீன் தன் மாளிகையிலேயே கொல்லப்பட்டார். சோவியத் படையை அனுப்பும்படி அவரும் கேட்டுக்கொண்டிருந்தவர்தான்.

இனி 1986க்கு வருவோம். கொர்பச்சேவ் அந்தப் போரை ஆறாத காயம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். நவம்பர் 13இல் பொலிட்பியூரோ கூடியது. சோவியத் வீரனின் கால் படாத இடம் அந்த நாட்டில் இல்லை, ஆனாலும் பெரும்பகுதி கிளர்ச்சியாளர் கையில்தான் இருக்கிறது என்று மார்ஷல் அக்ரோமெயெவ் அறிக்கை கொடுத்தார். மக்களை நாம் இழந்துவிட்டோம் என்றும் சொன்னார். அன்று குரோமிகோவும் அந்த மேசையில் இருந்தார். சிரமத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று ஒத்துக்கொண்டார்.

ஒரு வருஷத்தில், அதிகம் போனால் இரண்டு வருஷத்தில் வெளியேற வேண்டும் என்று தீர்மானித்தார்கள். கடைசி வாகன அணி தெர்மெஸ் பாலத்தைக் கடந்தது 1989 பெப்ரவரி 15இல். முடிவெடுத்த பிறகும் சோவியத் வீரர் மட்டும் இரண்டாயிரம் அளவில் செத்தார்கள். மொத்தம் சுமார் 15,000 பேர். ஆப்கானியர் எத்தனை என்று எவரும் ஒழுங்காக எண்ணவில்லை. பத்து இலட்சம் வரை சொல்வோர் இருக்கிறார்கள். ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாகிஸ்தானிலும் ஈரானிலும் அகதிகளானார்கள்.

ஏன் உடனே போகவில்லை? காபூலில் நட்பான அரசு ஒன்றை விட்டுவிட்டுப் போக வேண்டுமாம். 1979இன் அதே பழைய வசனம்தான், சத்தம் மட்டும் குறைந்திருந்தது. 1988 ஏப்ரலில் ஜெனீவா உடன்படிக்கையில் பாகிஸ்தானும் காபூல் அரசும் கையெழுத்திட்டன, இரண்டு வல்லரசுகளும் உத்தரவாதம் கொடுத்தன. சண்டை பிடித்துக்கொண்டிருந்த முஜாஹிதீன்களுக்கு அந்த மேசையில் கதிரை இல்லை. ஆயுதமும் இரண்டு பக்கமும் தொடர்ந்து வந்தது. நஜிபுல்லாஹ்வின் அரசு சோவியத் படை வெளியேறிய பிறகு மூன்று வருஷம் தாக்குப்பிடித்தது. 1992இல் மொஸ்கோவின் உதவி நின்றது, ஏப்ரலில் அரசு விழுந்தது. இந்திய அமைதிப்படை 1990இல் கப்பல் ஏறியபோது யார் யார் வெளியே நிற்க வேண்டி வந்தது என்று கண்ட நம் கிழக்கு மாகாணத்துப் பெரியவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

1989 டிசம்பரில் சோவியத் மக்கள் பிரதிநிதிகள் பேராயம், படை அனுப்பிய முடிவு கண்டிக்கத்தக்கது என்று தீர்மானம் நிறைவேற்றியது. அப்போது பிரெஷ்னேவ் இல்லை, அந்திரோபொவ் இல்லை, உஸ்தினொவ் இல்லை. குரோமிகோவும் அந்த ஜூலையில் இறந்திருந்தார். வேண்டாம் என்று சொன்ன கொசிஜின் இறந்து ஒன்பது வருஷம்.

பெஷாவர் முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த நேரம் பள்ளிக்கூடம் போகும் வயது.