புகைபோக்கி இல்லாத நஞ்சு

கோவில்பட்டியில் ஒரு தீக்குச்சியை உரசினால் கந்தக நெடி எழும். அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. குச்சி கையிலேயே இருக்கிறது. லாரி கக்கும் கரும்புகையும் அப்படியே. புகையைப் பின்தொடர்ந்தால் அது பிறந்த இடம் அகப்பட்டுவிடும். ஆனால், எந்தப் புகைபோக்கியும் வெளியிடாமலே நகரக் காற்றில் நிறையும் நஞ்சு ஒன்று உண்டு. அதுதான் ஓசோன்.

'ஓசோன் நம்மைக் காக்கும் குடை அல்லவா?' என்று நீங்கள் கேட்கலாம். வானில் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரம் வரை மிகுந்துள்ள ஓசோன், புற ஊதாக் கதிர்களைத் தடுத்து நம்மைக் காப்பது உண்மையே. அதே வாயு நாம் சுவாசிக்கும் காற்றில் மிகுந்தால் நுரையீரலை அரிக்கும். பயிரின் இலையைக் கருக்கும். இது எப்படி உண்டாகிறது என்று கண்டுபிடித்த வரலாறு சுவையானது.

1943 ஜூலை 26 அன்று அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரைப் புகைமூட்டம் சூழ்ந்தது. மக்களின் கண்கள் எரிந்தன, தொண்டை கரகரத்தது. உலகப் போர்க் காலமாதலால், எதிரியின் நச்சுவாயுத் தாக்குதலோ என்று சிலர் அஞ்சினர். செயற்கை ரப்பருக்கான மூலப்பொருளைத் தயாரித்த ஆலை ஒன்றின் மீது பழி விழுந்தது. ஆலையை மூடிப் பார்த்தார்கள்; புகைமூட்டம் நீங்கவில்லை. பிறகு கந்தக டை ஆக்சைடின் மீது ஐயம் எழுந்தது. அதைக் குறைத்தும் பயனில்லை.

உண்மையைக் கண்டவர், அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த வேதியியல் அறிஞர் ஹாகன்-ஸ்மிட். கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய அவருக்கு இரண்டு தடயங்கள் கிடைத்தன. ஒன்று, நகரைச் சுற்றியிருந்த கீரைத் தோட்டங்களின் இலைகளில் தோன்றிய புதுவகைக் கருகல். மற்றொன்று, ரப்பர் பொருள்கள் அங்கே விரைவில் வெடிப்பு விட்டமை. பெட்ரோல் ஆவியையும் ஓசோனையும் கலந்து செடிகளின் மீது செலுத்திப் பார்த்தார். அதே கருகல் தோன்றியது. 1952-இல் தம் முடிவை விளக்கி எழுதினார்.

அவர் கண்டது இதுதான். வாகனங்களும் ஆலைகளும் வெளிவிடும் நைட்ரஜன் டை ஆக்சைடை வெயில் பிளக்கிறது. பிரிந்த ஆக்சிஜன் அணு, காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் கூடி ஓசோன் ஆகிறது. அந்த ஓசோனை நைட்ரிக் ஆக்சைடு உடனே அழித்துவிடும். ஆனால் எரியாத பெட்ரோல் ஆவி போன்ற ஹைட்ரோகார்பன்கள் இடையே புகுந்து, நைட்ரிக் ஆக்சைடை வேறு வழியில் மாற்றிவிடுகின்றன. அழிப்பவன் இல்லாததால் ஓசோன் பெருகுகிறது.

எண்ணெய் நிறுவனங்களின் பொருளுதவியுடன் இயங்கிய ஆய்வாளர்கள் இதை மறுத்தனர். ஹாகன்-ஸ்மிட் தளரவில்லை. 1968-இல் கலிபோர்னியக் காற்றுவள வாரியத்தின் முதல் தலைவரானார். 1975 முதல் அமெரிக்கக் கார்களில் புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கிக் கருவி இடம்பெற்றது. 1995-இல் சென்னை உள்ளிட்ட நான்கு இந்தியப் பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமாயிற்று. 2009-இல் வெளியான நமது காற்றுத் தர அளவுகள், எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராம் ஓசோனை உச்சவரம்பாக வைத்துள்ளன.

ஆயினும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 2020-இல் பொதுமுடக்கத்தால் வாகனங்கள் நின்றபோது, உலகின் பல நகரங்களில் நைட்ரஜன் ஆக்சைடுகள் குறைந்தன, ஓசோனோ கூடியது! அதை அழிக்கும் நைட்ரிக் ஆக்சைடும் குறைந்துவிட்டதே காரணம். எனவே, இரண்டு மூலப்பொருள்களில் எது எந்த ஊரில் எவ்வளவு, எங்கிருந்து வருகிறது என்று அளக்காமல் ஓசோனைக் குறைக்க இயலாது.

இது நகரத்தார் கவலை மட்டுமன்று. நகர நடுவில் வாகனப் புகையே ஓசோனை ஓரளவு அழித்துவிடுவதால், காற்று வீசும் திசையிலுள்ள கிராமங்களில் அது மிகுந்து காணப்படுவதுண்டு. 2005-ஆம் ஆண்டில் மட்டும் ஓசோனால் இந்தியா இழந்த கோதுமையும் நெல்லும் 50 லட்சம் டன்னுக்கு மேல் என்று 2014-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஓசோன் தாக்கும் பயிர்களில் பருத்தியும் ஒன்று.

1901-இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தைக் கொண்ட கோவில்பட்டிக் கரிசலில், பருத்தி மானாவாரியாக விளைகிறது. விளைச்சல் குறைந்தால் உழவர் மழையைக் குறை கூறுவார். பூச்சியைக் குறை கூறுவார். நிறமற்ற ஓசோனை அவர் எப்படி அறிவார்? லாஸ் ஏஞ்சலஸில் கீரை இலை சொன்ன செய்தியை நம் பருத்தி இலையும் சொல்லக்கூடும். அதைப் படிக்க வேண்டுமானால் பெருநகரங்களில் மட்டுமல்ல, கரிசல் காட்டிலும் ஓசோனை அளந்தாக வேண்டும்.