முட்டம் கடலும் கட்டுமரமும்

ஐதராபாத்தில் வாழும் நம்மவர்களுக்கு முட்டம் என்றதும் பாரதிராஜா படம்தான் ஞாபகம் வரும். 1981-இல் 'அலைகள் ஓய்வதில்லை' என்று எடுத்த கதையை அவரே தெலுங்கில் 'சீதாகோக சிலுக' என்றும் எடுத்தார்; ஆக, இந்த ஊர்க்காரர்களுக்கும் அது பழக்கம். பாறைகள், வளைந்த கரை, மேட்டில் கலங்கரை விளக்கம். பார்க்க அழகுதான். கடலுக்குப் போகிறவனுக்கு அந்தப் பாறையே எமன். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்றில் அலை கரையோரத்திலேயே மடிந்து விழும்.

மீன் வாசமே அறியாத சமணக் குடும்பத்தில் பிறந்த உனக்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். நான் மரக்கடைக்காரன். கட்டுமரம் என்கிற சொல்லில் பாதி என் சரக்கு!

டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697-இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைக் குறிப்பிட்டார். பின்னாளில் வெள்ளைக்காரர்கள் இரட்டை உடல் கொண்ட படகுக்கு அந்தப் பெயரை ஒட்டிவிட்டார்கள். நம்முடையதோ சில மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது, அவ்வளவுதான். உள்ளே குழிவு கிடையாது. மேலே ஏறிய தண்ணீர் மர இடுக்கு வழியே வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் மூழ்காது. புரட்டிப்போட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மணலில் காயவைப்பார்கள். இல்லாவிட்டால் மரம் நீர் குடித்துக் கனத்துப் போகும். மெத்தென்ற லேசான மரமாகப் பார்த்து வாங்குவது இதனால்தான். தேக்கு இங்கே உதவாது.

1952-இல் நார்வே நாட்டோடு ஒப்பந்தம் ஏற்பட்டு, கொல்லம் பக்கம் நீண்டகரையில் விசைப்படகுகள் வந்தன. கட்டுமரக்காரன் பழமையை விடமாட்டான் என்ற பேச்சும் கூடவே வந்தது. எனக்கு இது ஒப்பவில்லை. ஒதுங்கத் துறைமுகம் இல்லாத கரையில், அலையைக் கடந்து போய் மணலிலேயே ஏறி நிற்கக்கூடிய கலம் எதுவோ அதைத்தானே அவன் வைத்திருப்பான்?

சரியான மாற்று கிடைத்தபோது விட்டும் விட்டார்களே! நல்ல மரம் அரிதாகி விலை ஏறிய காலம் அது. பெல்ஜியப் பாதிரியார் பியர் ஜில்லே முட்டம் படகு கட்டும் மையத்தில் ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கினார். கட்டுமரத்தின் மூழ்காத குணத்தை விடாமல், மேல்பக்கம் மூடிய கலம். 1980-களில் இவை பரவின, வெளிப்பொருத்து மோட்டாரும் சேர்ந்துகொண்டது. அப்புறம் கண்ணாடியிழைப் படகு வந்தது.

இதற்குள் இழுவை மடிப் படகுகளோடு மோதல் முற்றி, 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல் வரை சிறுகலங்களுக்கு என்று ஒதுக்கினார்கள். ஒதுக்கியது காகிதத்தில் என்று சொல்லும் மீனவர்கள் இன்றும் உண்டு.

இப்போது முட்டத்தில் துறைமுகம் இருக்கிறது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. கடல் மிகவும் கொந்தளிக்கிற அந்த நாட்களில் தொழிலுக்குப் போவது, கட்டுமரக்காரர் பேரன்மாரின் சின்னப் படகுகள்தான்.