புளோபெர்க் கடற்கரை: காற்றும் குளிர்நீரும் வரலாறும்

புளோபெர்க்ஸ்ட்ராண்ட் என்பது தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில், டேபிள் விரிகுடாவின் வடகிழக்குக் கரையில் அமைந்துள்ள நீண்ட மணற்பரப்பாகும். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் இப்பெயருக்கு நீலமலைக் கடற்கரை என்று பொருள். கரைக்குப் பின்னால் உள்ள ஒரு குன்றின் பெயரே கடற்கரைக்கும் வந்தது. இங்கு நின்று தெற்கே பார்த்தால் விரிகுடாவுக்கு அப்பால் 1,086 மீட்டர் உயரமுள்ள டேபிள் மலை முழுமையாகத் தெரியும். மேற்கே ஏறக்குறைய 7 கி.மீ. தொலைவில் ராபன் தீவு உள்ளது.

இன்று இக்கடற்கரை உலகெங்கிலும் உள்ள கைட்சர்ஃபிங் விளையாட்டினருக்கு அறிமுகமான இடம். பெரிய பட்டம் ஒன்றைக் காற்றில் ஏற்றி, அதன் இழுவையில் பலகைமீது நின்று நீரில் சறுக்கும் விளையாட்டே கைட்சர்ஃபிங். இதற்காகக் கேப் டவுன் செல்லத் திட்டமிடுபவர் முதலில் எந்த மாதம் போவது, எவ்வளவு தடிமனான உடை வாங்குவது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்பார். இவ்விரண்டுக்கும் விடை இங்கு வீசும் காற்றில் உள்ளது. அந்தக் காற்றை முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மாலுமிகளும் படையினரும் கைதிகளும் பெரும் விலை கொடுத்து அறிந்திருக்கிறார்கள்.

இரண்டு காற்றுகள்

கேப் டவுனின் ஆண்டை இரண்டு காற்றுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. தென்கோளத்தின் கோடையான நவம்பர் முதல் பிப்ரவரி வரை தென்கிழக்குக் காற்று வீசுகிறது. குளிர்காலமான மே முதல் ஆகஸ்ட் வரை மழையோடு வடமேற்குக் காற்று வருகிறது.

கோடையில் தென் அட்லாண்டிக்கின் உயரழுத்த மண்டலம் தெற்கு நோக்கி நகர்கிறது. நிலம் சூடேறி அங்கு அழுத்தம் குறைகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டால் எழும் காற்று, மலைகளைச் சுற்றி வரும்போது மேலும் வேகம் பெறுகிறது. ஈரக்காற்று மலையின் பின்சரிவில் ஏறிக் குளிர்ந்து, உச்சியில் வெண்மேகமாக விரிந்து, முன்சரிவில் வழிந்து மறைகிறது. இதை உள்ளூர் மக்கள் 'மேசைவிரிப்பு' என்று அழைக்கின்றனர். நகரின் புகையையும் நோயையும் இக்காற்று அடித்துச் செல்கிறது என்ற நம்பிக்கையால் இதற்குக் 'கேப் டாக்டர்' என்ற பெயரும் ஏற்பட்டது.

புளோபெர்க் மலையின் மறைவிலிருந்து விலகி, விரிகுடாவுக்கு எதிர்ப்புறம் உள்ளது. எனவே நகர மையத்தில் திடீர் வீச்சுகளாக வரும் காற்று இங்கு ஓரளவு சீராகவும், சற்றே தெற்கிலிருந்து வளைந்தும் வருகிறது. கடலை நோக்கி நிற்பவருக்கு அது இடப்பக்கத்திலிருந்து கரையோரமாக வீசும். பட்டத்தில் சறுக்குவோருக்கு இதைவிட வசதியான திசை இல்லை.

நீர் குளிர்வதன் காரணம்

கோடையில் வெயில் கொளுத்தும் நாளிலும் இக்கரையில் நீரின் வெப்பநிலை பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரி செல்சியசுக்குள் இருக்கும். அண்டார்டிகாவிலிருந்து வரும் நீரோட்டமே இதற்குக் காரணம் என்று பலர் கருதுவதுண்டு. உண்மையில் இக்குளிரைப் பெரும்பாலும் உண்டாக்குவது அதே தென்கிழக்குக் காற்றுதான்.

கரையோரமாகக் காற்று வீசும்போது, புவிச்சுழற்சியின் விளைவால் தென்கோளத்தில் மேல்மட்ட நீர் காற்றுத் திசைக்கு இடப்புறமாக, அதாவது கரையை விட்டு வெளியே தள்ளப்படுகிறது. அவ்விடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. எனவே காற்று பல நாள் தொடர்ந்து வீசினால் நீர் மேலும் குளிரும். நல்ல காற்றும் குளிர்ந்த நீரும் இங்கு ஒன்றாகவே வரும். தீபகற்பத்தின் மறுபக்கத்தில் உள்ள ஃபால்ஸ் விரிகுடாவின் நீர் கோடையில் இதைவிடப் பல டிகிரி வெதுவெதுப்பாக இருக்கும்.

மேலெழும் ஆழ்நீர் சத்துகளைக் கொண்டுவருவதால் இக்கடலில் கெல்ப் என்னும் பெரும் கடற்பாசிக் காடுகள் வளர்கின்றன. மத்தி முதலிய மீன்களும் அவற்றை உண்ணும் பெங்குவின்களும் சீல்களும் வாழ்கின்றன.

கப்பல்களின் பருவம்

டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் சார்பில் யான் வான் ரீபெக் 1652 ஏப்ரல் 6 அன்று டேபிள் விரிகுடாவில் இறங்கினார். ஆசியாவுக்குச் செல்லும், அங்கிருந்து திரும்பும் கப்பல்களுக்குக் குடிநீரும் காய்கறியும் இறைச்சியும் வழங்குவதே குடியேற்றத்தின் நோக்கம். நிறுவனத்தின் வணிகத் தளங்கள் இருந்த பகுதிகளிலிருந்து அடிமைகளும் கேப்புக்குக் கொண்டுவரப்பட்டனர். வங்கம், மலபார், சோழமண்டலக் கரை ஆகிய இடங்களிலிருந்து வந்தவர்களும் அவர்களில் அடங்குவர். பிடித்துவரப்பட்ட ஊரின் பெயரே அவர்களுக்குப் பின்னொட்டாக ஆவணங்களில் எழுதப்பட்டது.

இவ்விரிகுடாவின் குறை விரைவிலேயே தெரிந்தது. கோடையின் தென்கிழக்குக் காற்று நங்கூரத்தை அறுத்தாலும் கப்பலைத் திறந்த கடலுக்குத்தான் தள்ளும். குளிர்காலத்தின் வடமேற்குப் புயலோ கப்பலை நேராகக் கரையில் மோதவைக்கும். 1737 மே மாதத்தில் ஒரே புயலில் நிறுவனத்தின் பல கப்பல்கள் உடைந்தன. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இதன் பிறகு, 1740களின் தொடக்கத்திலிருந்து மே நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை கப்பல்கள் ஃபால்ஸ் விரிகுடாவின் சைமன்ஸ் துறையில் ஒதுங்கும்படி ஆணையிடப்பட்டது.

ஆணை இருந்தும் விபத்துகள் தொடர்ந்தன. 1773 ஜூன் 1 அன்று 'டி யோங்கே தாமஸ்' என்ற கப்பல் சால்ட் ஆற்று முகத்துவாரத்தருகே தரைதட்டி உடைந்தது. நிறுவனத்தின் ஊழியரான வோல்ராட் வோல்டெமாடே தம் குதிரையோடு கடலில் இறங்கி 14 பேரைக் கரைசேர்த்தார். மீண்டும் சென்றபோது குதிரையோடு மூழ்கி இறந்தார். அலைத்தடுப்புச் சுவரின் கட்டுமானம் 1860இல்தான் தொடங்கியது. அதில் கைதிகளின் உழைப்பு பயன்படுத்தப்பட்டது. இன்று சுற்றுலாப் பயணிகள் கூடும் விக்டோரியா, ஆல்ஃபிரட் துறைமுகப் பகுதி அதன் தொடர்ச்சியே.

1806 தரையிறக்கம்

நெப்போலியன் காலப் போர்களின்போது இந்தியக் கடல்வழியைக் காக்கப் பிரித்தானியா கேப்பைக் கைப்பற்ற முனைந்தது. 1806 ஜனவரி தொடக்கத்தில் அதன் கடற்படை புளோபெர்க்குக்கு வெளியே வந்து நின்றது. கரையில் அலை உடைவு கடுமையாக இருந்ததால் தரையிறக்கம் தாமதமானது. இன்றைய மெல்க்பாஸ்ஸ்ட்ராண்ட் அருகே இறங்கியபோது ஒரு படகு கவிழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்ட ஸ்காட்லாந்து வீரர்கள் ஒரு குண்டும் சுடாமலே மூழ்கினர். ஜனவரி 8 அன்று நடந்த புளோபெர்க் போரில் யான் வில்லெம் யான்சென்ஸ் தலைமையிலான படை தோற்றது. கேப் பிரித்தானியர் வசமானது.

வென்ற தளபதி டேவிட் பெயர்ட் தமிழக வரலாற்றிலும் இடம்பெறுபவர். 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் நடந்த போரில் ஹைதர் அலியின் படையிடம் பிடிபட்டு, மூன்று ஆண்டுகளுக்கு மேல் சீரங்கப்பட்டணத்தில் சிறையிருந்தவர் இவர்.

தீவும் கரையும்

டச்சுக்காரர் காலத்திலிருந்தே ராபன் தீவு சிறையாகப் பயன்பட்டது. அங்கிருந்து தப்ப நினைப்பவருக்கு அருகிலுள்ள நிலம் புளோபெர்க் கரையே. சோசா மக்களின் தலைவரும் ஞானியுமான மகாண்டா, 1819இல் கிரகாம்ஸ்டவுன் மீதான தாக்குதலுக்குப் பின் சரணடைந்து இத்தீவுக்கு அனுப்பப்பட்டார். பிற கைதிகளுடன் படகில் தப்பியபோது புளோபெர்க் கரையருகே படகு கவிழ்ந்து அவர் இறந்தார். அவர் திரும்பி வருவார் என்று மக்கள் நெடுங்காலம் காத்திருந்தனர். அவரது மறுபெயரான நிக்செலேயைக் கொண்டு 'நிக்செலேயின் வருகை' என்ற தொடர் சோசா மொழியில் உருவானது. ஒருபோதும் நடவாததை அது குறிக்கும்.

இருபதாம் நூற்றாண்டில் நெல்சன் மண்டேலா தம் 27 ஆண்டுச் சிறைவாசத்தில் 18 ஆண்டுகளை இத்தீவில் கழித்தார். காந்தியின் சத்தியாகிரகத்தில் முன்னணியில் நின்ற தம்பி நாயுடுவின் பேரன் இந்திரேஸ் நாயுடுவும் 1963 முதல் பத்தாண்டுகள் இங்குச் சிறையிருந்தார். அந்த அனுபவத்தை நூலாகவும் எழுதினார்.

கரை யாருக்கு

1953இல் இயற்றப்பட்ட தனித்தனி வசதிகள் ஒதுக்கீட்டுச் சட்டம், பேருந்து, பூங்கா, கடற்கரை ஆகியவற்றை இனவாரியாகப் பிரிக்க வழிசெய்தது. நகரையொட்டிய நல்ல மணற்கரைகள் பலவும் வெள்ளையருக்கு ஒதுக்கப்பட்டன. புளோபெர்க்ஸ்ட்ராண்டும் அவற்றில் ஒன்று. 1966இல் நகரின் நடுவே இருந்த டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதி வெள்ளையருக்குரியது என அறிவிக்கப்பட்டு, தொடர்ந்த ஆண்டுகளில் ஏறக்குறைய 60,000 பேர் அங்கிருந்து அகற்றப்பட்டனர். மலையையும் கடலையும் பார்த்து வாழ்ந்தவர்கள் மணல் பறக்கும் கேப் சமவெளிக்குத் தள்ளப்பட்டனர். கோடைக் காற்று அவர்கள் குடியிருப்புகளின் மீதும் வீசியது. கரைக்கு வரும் உரிமைதான் அவர்களுக்கு இல்லை.

1989 ஆகஸ்ட் மாதத்தில் நிறவெறி எதிர்ப்பு இயக்கத்தினர், பேராயர் டெஸ்மண்ட் டூட்டு உள்ளிட்டோர் பங்கேற்க, ஸ்ட்ராண்ட், புளோபெர்க்ஸ்ட்ராண்ட் ஆகிய கடற்கரைகளுக்குச் செல்லும் போராட்டத்தை நடத்தினர். மணலில் நடப்பதும் நீரில் கால் நனைப்பதுமே அவர்கள் செய்ய வந்த செயல். காவல்துறை அவர்களைக் கலைத்து விரட்டியது. அதே ஆண்டு நவம்பரில் குடியரசுத் தலைவர் எஃப். டபிள்யூ. டி கிளர்க் கடற்கரைகள் அனைவருக்கும் திறக்கப்படுவதாக அறிவித்தார். சட்டம் 1990இல் நீக்கப்பட்டது.

பட்டம் வந்த கதை

பட்டத்தின் இழுவையைப் பயன்படுத்தும் முயற்சி பழையது. 1820களில் இங்கிலாந்தின் ஜார்ஜ் போகாக் பட்டம் இழுக்கும் வண்டியை உருவாக்கினார். 1903இல் சாமுவேல் கோடி பட்டம் இழுத்த படகில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். ஆனால் பட்டம் நீரில் விழுந்தால் மீண்டும் ஏற்றுவது கடினமாக இருந்தது. பிரான்சின் புரூனோ, டொமினிக் லெகைனூ சகோதரர்கள் 1984இல் காப்புரிமை கோரிய வடிவமைப்பு இதைத் தீர்த்தது. முன்விளிம்பில் காற்றடைத்த குழாய் கொண்ட இப்பட்டம் நீரில் மிதக்கும். நீரிலிருந்தே மீண்டும் எழும். 1997இல் இது விற்பனைக்கு வந்தபின் கைட்சர்ஃபிங் விரைவாகப் பரவியது.

ஹவாயின் மாவி தீவில் 2000இல் தொடங்கிய 'கிங் ஆஃப் தி ஏர்' என்னும் உயரத்தாவல் போட்டி 2013 முதல் புளோபெர்க் கரையில் நடைபெறுகிறது. இங்கு வீரர்கள் 30 மீட்டரைத் தாண்டியும் எழும்பியுள்ளனர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பட்டச் சறுக்குப் பந்தயம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டு மார்சேயில் நடந்தது.

பயணத் திட்டம்

மேற்கண்ட வரலாற்றிலிருந்தே பயணத்துக்கான குறிப்புகளைப் பெறலாம்.

காலம்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்றது. கோடையிலும் காற்று சில நாட்கள் தொடர்ந்து ஓய்வதுண்டு. எனவே ஒரு வாரத்தைவிட இரண்டு வாரப் பயணம் பாதுகாப்பான கணக்கு. காற்று பெரும்பாலும் பிற்பகலில் வலுக்கும்.

உடை: 3 முதல் 4 மி.மீ. தடிமனுள்ள, முழு உடலையும் மூடும் நியோப்ரீன் வெட்சூட் தேவை. வெயிலைப் பார்த்து மெல்லிய உடை எடுத்துச் செல்பவர் அரைமணி நேரத்தில் கரையேறிவிடுவார்.

பட்டம்: வலுத்த நாட்களில் காற்று மணிக்கு 60 கி.மீ.-ஐயும் தாண்டும். 75 கிலோ எடையுள்ளவருக்கு 7, 9 சதுர மீட்டர் பட்டங்கள் முதன்மையாகப் பயன்படும். மெல்லிய காற்றுக்கு 12 சதுர மீட்டர் போதும்.

இடம்: சன்செட் பீச், கைட் பீச், பிக் பே ஆகியவை தெற்கிலிருந்து வடக்காக அமைந்துள்ளன. காற்று வடக்கு நோக்கித் தள்ளும் என்பதால் தெற்கில் இறங்கி வடக்கில் கரையேறுவது வழக்கம். மெல்க்பாஸ்ஸ்ட்ராண்டுக்கு அப்பால் கோபெர்க் அணுமின் நிலையத்தின் தடைசெய்யப்பட்ட கடற்பகுதி உள்ளதால் அதற்கு முன்பே கரையேற வேண்டும். அலை உடைவு மிகுந்த புளோபெர்க் புதிதாகக் கற்பவர்க்கு ஏற்றதன்று. அவர்களுக்கு ஏறக்குறைய 120 கி.மீ. வடக்கே உள்ள லாங்கேபான் காயல் பொருத்தமானது.

பாதுகாப்பு: தனியே இறங்கக் கூடாது. பட்டத்தை உடனே விடுவிக்கும் பொறியைக் கரையிலேயே இயக்கிப் பார்க்க வேண்டும். நீந்துவோர் இருக்கும் பகுதியை விட்டு விலகி நிற்க வேண்டும். கடலில் ஆபத்து நேர்ந்தால் உதவிக்கு வருவது 1967இல் தொடங்கப்பட்ட தேசிய கடல் மீட்புக் கழகம். இது தன்னார்வலர்களால் இயங்குவது.

போக்குவரத்து: நகர மையத்திலிருந்து டேபிள் வியூ பகுதிக்கு 2011 முதல் மைசிட்டி பேருந்து இயங்குகிறது. வாகனம் இல்லாத நகரவாசிகளும் இக்கரைக்கு வர இது ஒரு வழி.

காற்று ஓய்ந்த நாள் வீணான நாளன்று. ராபன் தீவுக்குச் செல்லும் படகுகள் பலத்த காற்றில் ரத்தாகும். கடல் அமைதியான நாளில்தான் அவை தடையின்றிப் போகும். 1999இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட அத்தீவில் முன்னாள் கைதிகளே வழிகாட்டிகளாக இருந்து சிறையைச் சுற்றிக் காட்டிவந்துள்ளனர். அங்கிருந்து கிழக்கே பார்த்தால் புளோபெர்க்கின் வெண்மணல் தெரியும்.